அரை சேர் தண்ணீர்: வங்கதேசப் பயணக் குறிப்புகள்

முதல் நாள். மார்ச் 11, 2023, சனிக்கிழமை. போங்காவ்

கொல்கத்தாவின் சியால்தா நிலையத்தில் காலை லோக்கல் ரயிலைப் பிடித்து, பாதித் தூரம் நின்றும் மீதித் தூரம் உட்கார்ந்தும் போங்காவ் வந்து சேர்ந்தோம். வங்கதேச எல்லை இங்கிருந்து ஆட்டோவில் போகும் தூரம்தான். நாளைக் காலை அதைக் கடக்கிறோம். கொல்கத்தாவில் வேலை பார்க்கும் என் மகளுக்கு வங்க மொழி நன்றாக வரும். அவள்தான் துணை, அவள்தான் என் வாய். விமானத்தில் போனால் ஒரு மணி நேரத்தில் டாக்கா என்று சொல்லிப் பார்த்தாள். போங்காவைப் பார்க்காமல் போக எனக்கு மனம் வரவில்லை.

நான் கொள்ளிடக் கரையோரக் கிராமங்களில் முப்பத்தாறு ஆண்டுகள் செவிலியராக இருந்தவள். ஊராருக்கு நர்சம்மா. என் தோள்பையில் வேறு எது இல்லாவிட்டாலும் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இருக்கும். அது எங்கே பிறந்தது, யார் யார் கைபட்டு என் பைக்கு வந்தது என்று யோசிக்க வேலைக்காலத்தில் நேரம் இருந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு படிக்கத் தொடங்கினேன். படித்ததெல்லாம் என்னை வங்கதேசத்துக்கே கூட்டிக்கொண்டு போனது. அதனால்தான் இந்தப் பயணம்.

1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து உயிர்பிழைக்க ஓடிவந்த மக்களால் இந்த ஊர் நிரம்பி வழிந்தது. கூடவே காலரா. கொல்கத்தாவிலிருந்து வந்த மருத்துவர் திலீப் மஹலனாபிஸ், இங்கிருந்த மருத்துவமனையின் இரண்டு அறைகளில் நோயாளிகள் தரையில் கிடந்ததையும், அவர்களுக்கு டிரிப்ஸ் ஏற்றக் கழிவிலும் வாந்தியிலும் முழங்காலிட வேண்டியிருந்ததையும் பின்னாளில் சொல்லியிருக்கிறார். டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துகொண்டே வந்தன. உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் நிறுத்துப் பொட்டலம் கட்டி, டிரம்மில் கரைத்து, குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நோயாளிகளின் உறவினர்களே மொண்டு கொடுத்தார்கள். அதற்கு முன்பு நூறு பேரில் முப்பது பேர் இறந்த முகாமில், அதன்பிறகு இறந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. உலகச் சுகாதார நிறுவனத்தின் திமான் பருவா இதை நேரில் பார்த்துவிட்டு, கரைசல் செய்யும் முறையை வங்கதேச விடுதலைப் போராளிகளின் ரகசிய வானொலியில் சொல்ல வைத்தார்.

மஹலனாபிஸ் சென்ற அக்டோபரில் காலமானார். இந்த ஜனவரியில் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். உயிரோடு இருந்தபோது கொடுத்திருக்க வேண்டிய விருது. இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

ஆனால் கரைசலை அவர் இங்கே புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. டாக்காவில் ஏற்கெனவே சோதித்துப் பார்த்த ஒன்றை, யாரும் துணியாத இடத்தில் துணிந்து கொடுத்தார். சோதித்த இடத்தைப் பார்க்கத்தான் நாளைப் பயணம்.

இரண்டாம் நாள். மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை. டாக்கா

பெட்ராபோலில் இந்திய முத்திரை, பேனாபோலில் வங்கதேச முத்திரை. இரண்டுக்கும் நடுவில் இரண்டரை மணி நேர வரிசை. அதைப் பற்றி எழுத வேறெதுவும் இல்லை.

பஸ் ஜெசோர், நரைல் வழியாக ஓடியது. பக்கத்து இருக்கையில் ஜெசோர்க்கார அம்மா ஒருவர். அறுபதைத் தாண்டியிருப்பார். நான் செவிலியர் என்று மகள் சொன்னதும் என்னை "ஆபா" என்று அழைத்தார். அக்கா என்று பொருள். காலரா மருத்துவமனையைப் பார்க்கப் போகிறேன் என்றதும் கையை என் முன்னால் நீட்டி விரல்களை மடக்கிக் காட்டினார். ஒரு கைப்பிடி வெல்லம். மூன்று விரல் சேர்த்துக் கிள்ளிய உப்பு. அரை சேர் தண்ணீர். லோபோன் என்றால் உப்பு, குர் என்றால் வெல்லம். லோபோன்-குர் என்று ராகம் போட்டுச் சொன்னார். நாற்பது ஆண்டுகளாகியும் அந்த விரல்களுக்கு மறக்கவில்லை.

அவர் புதுமருமகளாக இருந்தபோது ஒரு பெண் வீட்டுக்கு வந்தாளாம். திண்ணையில் உட்கார்ந்து இவரையே கரைக்கச் சொல்லி, தான் முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டு, பிறகு இவரைக் குடிக்கச் சொன்னாளாம். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் தப்பு என்று சொல்லிக் கொடுத்தாளாம். போகும்முன் மாமியாரின் பித்தளைச் சொம்பை வாங்கி, தான் கொண்டுவந்த அளவுக் குவளையால் நீர் ஊற்றி, அரை சேர் எட்டிய இடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறிவிட்டுப் போனாளாம். அந்தச் சொம்பு இன்னும் வீட்டில் இருக்கிறதாம்.

அந்தப் பெண் பிராக் அமைப்பின் ஊழியராக இருந்திருக்க வேண்டும். ஃபசலே ஹசன் ஆபேத் 1972-இல் தொடங்கிய அமைப்பு அது. 1980 முதல் 1990 வரை, சுமார் 1.2 கோடி வீடுகளில் இப்படித் திண்ணை திண்ணையாக உட்கார்ந்து தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஊழியர்களின் சம்பளம் எத்தனை வீடு போனார்கள் என்பதை வைத்து அமையவில்லை. சில நாள் கழித்து வேறொருவர் போய், அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, சரியாகக் கரைக்க வருகிறதா என்று சோதிப்பார். அதைப் பொறுத்துத்தான் கூலி. எங்கள் துறையில் எத்தனை பொட்டலம் விநியோகித்தோம் என்றுதான் மாதந்தோறும் கணக்குக் கேட்டார்கள்.

இன்னொன்று என்னை மிகவும் உலுக்கியது. முதல் சில ஆண்டுகளில் தாய்மார்கள் முறையை ஒப்பித்தார்கள், ஆனால் பேதி வந்தால் கரைத்துக் கொடுப்பவர்கள் குறைவாகவே இருந்தார்கள். ஏன் என்று தோண்டிப் பார்த்தபோது, கற்றுக்கொடுத்த ஊழியர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது. தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரையைத் தேடினார்கள். அவர்களை டாக்காவுக்கு அழைத்துவந்து, கரைசல் குடலில் என்ன செய்கிறது என்று விளக்கினார்கள். ஆண்களிடம் பேசாமல் விட்டதும் தவறு என்று புரிந்து, மசூதிகளிலும் சந்தைகளிலும் கூட்டம் போட்டார்கள். தான் செய்த வேலை பலிக்கவில்லை என்பதை ஓர் அமைப்பு தானே போய் அளந்து, வெளியே சொல்லி, திருத்திக்கொண்டது. இது எவ்வளவு அரிது என்பது களத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

ஆணிக் கீறலை அந்த அம்மா சொன்னதிலிருந்து எனக்குப் பேச்சு வரவில்லை. 1986. ஒரு வீட்டில் எட்டு மாதக் குழந்தைக்குப் பேதி. பொட்டலத்தைக் கொடுத்து, "ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடு" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டேன். அந்த வீட்டில் படி இருந்தது, ஆழாக்கு இருந்தது, சொம்பு இருந்தது. லிட்டர் இல்லை. அந்தத் தாய் முழுப் பொட்டலத்தையும் ஒரு டம்ளர் நீரில் கரைத்துப் புகட்டியிருக்கிறாள். உப்பு ஏறிக் குழந்தைக்கு வலிப்பு வந்துவிட்டது. ஏழு நாள் ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொண்டான். ஆனால் அன்று தெருவே பார்க்க அந்தத் தாயை நான் திட்டினேன்.

பத்மா பாலத்தின் மேல் பஸ் ஏறியபோது இருட்டிவிட்டது. ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளம். சென்ற ஆண்டுதான் திறந்தார்கள். கீழே ஆறு இருப்பதே தெரியாத இருட்டு.

மூன்றாம் நாள். மார்ச் 13, திங்கட்கிழமை. மொஹாகாலி, டாக்கா

ஆட்டோக்காரரிடம் ஐசிடிடிஆர்,பி என்று மையத்தின் இன்றைய பெயரைச் சொன்னால் ஒரு கணம் யோசிக்கிறார். "கலேரா ஹாஸ்பத்தால்" என்றால் உடனே வண்டியை எடுக்கிறார். 1960-இல் பாகிஸ்தான் - சீட்டோ காலரா ஆய்வுக்கூடம் என்ற பெயரில், பனிப்போர்க் கூட்டணி ஒன்றின் பணத்தில் தொடங்கிய இடம். போருக்குப் பிறகு தடுமாறி, 1978-இல் பன்னாட்டு ஆய்வு மையமாக மாறியது. ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் இங்கே சிகிச்சை பெறுகிறார்கள். கட்டணம் கிடையாது. மழைக்கு முந்தைய கோடையிலும் மழை முடிந்த பிறகும் கூட்டம் பெருகும். சென்ற ஆண்டு இதே பருவத்தில் ஒரே நாளில் 1,200-க்கும் மேற்பட்டவர்கள் வந்து, வெளியே கூடாரம் போட வேண்டியிருந்தது.

முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கியிருந்தேன். படம் எடுக்கக் கூடாது என்றார்கள். நான் எடுப்பதாகவும் இல்லை.

வார்டுக்குள் நுழைந்ததும் நான் தேடியது கட்டிலைத்தான். கயிற்றுக்கட்டில் உயரம். மேலே ரெக்சின் விரிப்பு, நடுவில் வட்டமாக ஓட்டை, ஓட்டைக்குக் கீழே வாளி. காலராக் கட்டில் என்று உலகம் முழுக்கப் பெயர் பெற்றது. முதலில் பார்ப்பவர்களுக்கு மனம் கூசும். எனக்குக் கும்பிடத் தோன்றியது. எழுந்து நடக்கத் தெம்பில்லாத நோயாளியின் மானத்தையும் இது காக்கிறது, உடலிலிருந்து போன நீர் எவ்வளவு என்று கணக்கும் சொல்கிறது. செவிலியர் வந்தார், வாளியில் அளவுகோலை விட்டு எடுத்தார், அட்டையில் எழுதினார். எவ்வளவு போனதோ அவ்வளவு உள்ளே போக வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கும் இந்த விதியைக் கண்டடையப் பட்ட பாடு பெரிது. காலராவில் குடல் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட நீரை வெளியே தள்ளும். நாம் கழுநீர் என்போமே, அதே நிறம். உப்புநீரைக் குடித்தால் குடல் அதை ஏற்காது, அதுவும் பேதியாகிப் போகும். ஆனால் உப்போடு சர்க்கரையும் சேர்ந்து வந்தால், இரண்டும் ஜோடியாக நுழைவதற்கு ஒரு வழி குடலின் சுவரில் இருக்கிறது. காலரா நஞ்சால் அதை மூட முடிவதில்லை. அப்படி நுழையும்போது தண்ணீரும் கூடவே போகிறது. இந்த ஜோடி நுழைவை ராபர்ட் கிரேன் 1960-இல் விளக்கினார். அறிவு கிடைத்துவிட்டது. வைத்தியமாக மாறவில்லை. 1967-இல் சிட்டகாங் பக்கம் நடந்த ஒரு முயற்சி எதிர்பார்த்தபடி அமையவில்லை. இளம் அமெரிக்க மருத்துவர் டேவிட் நாலின் அந்தக் குறிப்புகளைப் புரட்டியபோது, வெளியே போனதற்கும் உள்ளே கொடுத்ததற்கும் கணக்கு ஒட்டவில்லை என்று கண்டார். அவரும் ரிச்சர்டு கேஷும் 1968-இல் டாக்காவில் 29 நோயாளிகளிடம், இரவும் பகலும் வாளியை அளந்து, அதற்கு ஈடாகக் கரைசலைக் கொடுத்துப் பார்த்தார்கள். டிரிப்ஸ் தேவை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. கரைசலில் என்ன கலந்தார்கள் என்பதுபோலவே, எவ்வளவு கொடுத்தார்கள் என்பதும் கண்டுபிடிப்புதான்.

காலையில் ஒரு ரிக்‌ஷாத் தொழிலாளியைத் தூக்கிவந்தார்கள். கண் குழிவிழுந்து, குரல் கம்மி, வயிற்றுத்தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நின்றது. நாடி எனக்குக் கிட்டவில்லை. இவ்வளவு வற்றிப்போனவருக்கு முதலில் டிரிப்ஸ்தான். மதியம் மறுபடி அந்தப் பக்கம் போனேன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, குவளையில் கரைசலைக் குடித்துக்கொண்டே, சோறு எப்போது வரும் என்று செவிலியரைக் கேட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தாறு ஆண்டு வேலை பார்த்தவள் நான். இருந்தாலும் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இன்னொரு வழக்கம் இங்கே உண்டு. வரும் நோயாளிகளில் ஒவ்வொரு ஐம்பதாவது நபரையும் முழுமையாகச் சோதித்து, என்ன கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படவில்லை, வீட்டில் என்ன தண்ணீர் என்றெல்லாம் பதிகிறார்கள். எந்த அவசரத்திலும் அந்த எண்ணிக்கை தவறுவதில்லையாம்.

நான்காம் நாள். மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. டாக்கா

காலையில் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவைக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நிமோனியா முற்றிய குழந்தைக்கு ஆக்சிஜன் குழாய். மூச்சு வெளியேறும் குழாயின் முனை, நீர் நிரப்பிய பாட்டிலுக்குள். குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. இதை இங்கே உருவாக்கியவர் முகம்மது ஜோபாயேர் சிஷ்தி. பயிற்சி மருத்துவராக இருந்த 1996-இல் ஒரே இரவில் மூன்று குழந்தைகள் கண்முன்னால் நிமோனியாவில் இறந்ததைப் பார்த்து, ஏதாவது செய்வேன் என்று உறுதி எடுத்தவர். பணக்கார நாடுகளில் சுவாசக் கருவி செய்யும் வேலையை ஒரு காலி ஷாம்பு பாட்டிலை வைத்துச் செய்தார். 225 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. வழக்கமான ஆக்சிஜன் பெற்றவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் இறந்தார்கள். குமிழி முறையில் நான்கு பேர்.

மாலையில் மளிகைக் கடை ஒன்றில் உப்பு சர்க்கரைப் பொட்டலம் வாங்கினேன். இங்கே அதற்குப் பெயர் ஸ்யாலைன். விலை சில டக்காதான், அதாவது வங்கதேசக் காசு. பொட்டலத்தைப் புரட்டிப் பார்த்தேன். அரை லிட்டருக்கானது. நம் ஊரில் பெரும்பாலும் ஒரு லிட்டர். பழைய அரை சேருக்கு அரை லிட்டர் நெருங்கிய அளவு. வீட்டில் புழங்கும் அளவுக்குப் பொட்டலத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஐந்தாம் நாள். மார்ச் 15, புதன்கிழமை. மத்லப்

சதர்காட்டில் லாஞ்ச் ஏறி, புரிகங்காவின் கரிய நீரைக் கடந்து, மேக்னாவின் அகலத்துக்கு வந்ததும்தான் மூச்சு விட முடிந்தது. சந்த்பூரில் இறங்கி ஆட்டோவில் மத்லப். அதே ஆய்வு மையத்தின் கிராமப்புறக் களம் இது. 1963-இல் இங்கே மருத்துவமனை என்பது ஒரு படகு. வேகப்படகுகளில் நோயாளிகளைக் கொண்டுவருவார்கள். இப்போது கட்டடம், எதிரே தனகோதா ஆறு.

மத்லப்பின் பெருமை மருத்துவமனையைவிட அதன் பேரேட்டில் இருக்கிறது. 1966 முதல், இந்த வட்டாரத்துக் கிராமங்களில் யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள், யார் மணமாகிப் போனார்கள், யார் வந்தார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பதிகிறார்கள். போரிலும் பஞ்சத்திலும் தொடர்ந்த கணக்கு. இன்று சுமார் 2,40,000 பேர் அதில் இருக்கிறார்கள்.

இந்தக் கணக்கு என்ன தந்தது என்பதற்கு ஒரு கதை போதும். 1974-இல் புதிய காலராத் தடுப்பூசி ஒன்றை இங்கே சோதித்தார்கள். பாதிப் பேருக்கு அது; ஒப்பிடுவதற்காக மீதிப் பேருக்கு ரணஜன்னி (டெட்டனஸ்), தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) தடுப்பூசி. காலரா ஊசி பெரிதாக உதவவில்லை. ஆய்வு அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் பேரேடு விடவில்லை. பிந்தைய பிறப்புகளையும் இறப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒப்பீட்டு ஊசி போட்டுக்கொண்ட பெண்களுக்குப் பிறந்த குழந்தைகள் முதல் மாதத்தில் இறப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அதிலும் நான்காம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை நிகழும் சாவுகள் பெருமளவு மறைந்திருந்தன. அது பச்சிளங்குழந்தை ரணஜன்னியின் நாள்கணக்கு. கர்ப்பிணிகளுக்கு நான் போட்ட ஆயிரக்கணக்கான டி.டி. ஊசிகளுக்குப் பின்னால் நிற்கும் சான்றுகளில் ஒன்று இந்த ஆற்றங்கரையில், யாரும் தேடாமலே கிடைத்திருக்கிறது.

ஆறாம் நாள். மார்ச் 16, வியாழக்கிழமை. மத்லப்பிலிருந்து திரும்பும் லாஞ்சில்

காலையில் களப்பணியாளர் ஒருவரோடு கிராமத்துக்குள் போனோம். பாக்குமரம், குளம், தகரக்கூரை வீடுகள். கண்ணை மூடித் திறந்தால் எங்கள் பக்கம் என்றே சொல்லலாம். ஒரு வீட்டில் பிள்ளைபெற்று ஐந்தாம் நாள். பணியாளர் கையிலிருந்த கருவியில் பிறப்பைப் பதிந்தார். ஐந்தாம் நாள் என்றதும் எனக்கு நேற்றைய கணக்கு ஞாபகம் வந்தது. குழந்தை நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுப் பாட்டி பழைய சேலையை நான்காக மடித்துக் குடத்தின் வாயில் கட்டியிருந்தார். அதற்கும் இங்கே ஓர் ஆய்வு உண்டு. குளத்து நீரில் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு மிதவை உயிரிகளின் மேல் ஒட்டிக்கொண்டுதான் காலராக் கிருமி வருகிறது. பல மடிப்பாக்கிய சேலை அவற்றைப் பிடித்துவிடும். புதிய சேலையைவிட, துவைத்துத் துவைத்து இழை நைந்த சேலையே மேல். ரீட்டா கோல்வெல்லும் அன்வர் ஹக்கும் உடன் உழைத்தவர்களும் 65 கிராமங்களில் சோதித்தபோது காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சலிக்கவில்லையா என்று மகள் மூலம் பாட்டியிடம் கேட்டேன். சலிக்கத்தான் செய்யும் என்றார். சில வீடுகளில் நாயை அவிழ்த்து விடுவார்களாம். "ஆனால் ராத்திரியில் படகு வரும்" என்றார். பேரனை அந்தப் படகில்தான் கொண்டுபோய்க் காப்பாற்றினார்களாம். இருந்தாலும் உலகம் இவர்களுக்குப் பட்ட கடன் இலவச வைத்தியத்தோடு தீராது என்று எனக்குப் படுகிறது. கரைசல், துத்தநாக மாத்திரை, வாய்வழி காலராத் தடுப்புமருந்து என்று எத்தனை நாடுகளின் குழந்தைகளுக்குப் போனவை இவர்களுடைய திண்ணைகளில் சோதிக்கப்பட்டவை. எங்கள் பயிற்சி வகுப்புகளில் மத்லப் என்ற பெயரை ஒருவரும் உச்சரித்ததில்லை.

லாஞ்சில் மேல்தளத்தில் உட்கார்ந்திருக்கிறோம். 1986-இல் நடந்ததை மகளிடம் முதல்முறையாகச் சொன்னேன். அவள் வெகுநேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த அம்மா இப்போது எங்கே இருக்கிறார்?"

"அதே தெருவில்தான். இந்தப் பொங்கலுக்குக்கூட எனக்கு மொச்சை பறித்துக் கொடுத்தனுப்பினாள்."

"ஊருக்குப் போனதும் அவரிடம் என்ன சொல்லப் போகிறாய், அம்மா?"

"அன்றைக்குத் தப்பு உன்னுடையது இல்லை, ஒரு லிட்டர் என்பது எவ்வளவு என்று நான் உனக்குக் காட்டவே இல்லை என்று சொல்வேன்" என்றேன்.